ஆறே ஆண்டில் கலைந்த அணி

அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 1972-73 பருவத்தில் ரீபவுண்ட் எடுப்பதில், அதாவது கூடையில் விழாமல் துள்ளும் பந்தைப் பிடிப்பதில், முதலிடம் பிடித்தவர் வில்ட் சேம்பர்லின். ஆட்டத்துக்குச் சராசரி 18.6. கூடையை நோக்கி அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 72.7 உள்ளே விழுந்தன. அந்தப் பட்டியலிலும் அவரே முதல். வயது 36. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அதே மாதங்களில், அவர் பிறந்து வளர்ந்த பிலடெல்பியாவில், ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் சாம்பியனாக்கிய செவன்ட்டி சிக்ஸர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 73-ல் தோற்றது. ஜெயித்தது ஒன்பதே ஒன்பது. 82 ஆட்டம் கொண்ட ஒரு பருவத்தில் இதைவிடக் குறைவாக ஜெயித்த அணி வேறு இல்லை.

அந்த அணியின் பேச்சு வந்தாலே மூன்று குற்றச்சாட்டுகள் சேர்ந்து வரும். ஷாட் விழவில்லை, ரீபவுண்ட் கிடைக்கவில்லை, ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடவில்லை. முதல் இரண்டையும் மறுக்க முடியாது. எதிரணிகள் அவர்களைச் சராசரியாக 12 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தன. மூன்றாவதைச் சொல்லும் முன் அந்த அணி எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று பார்ப்பதுதான் நியாயம். ஷாட் போடத் தெரிந்தவர்களும் ரீபவுண்ட் எடுக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வெளியேறிய பிறகு மிஞ்சியவர்கள்தான் அந்த 73 தோல்விகளையும் சுமந்தவர்கள்.

பிலடெல்பியாவுக்குக் கூடைப்பந்து ரத்தத்தில் ஊறிய ஆட்டம். முதல் உலகப்போர் முடியும் காலத்தில் ஊரின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த யூத இளைஞர்கள் சேர்ந்து ஓர் அணியைக் கட்டினார்கள். தெற்கு பிலடெல்பியா எபிரேயச் சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து அதற்கு ‘ஸ்பாஸ்’ என்று பெயர். அதை நடத்தியவர் எடி காட்லீப். சனிக்கிழமை இரவுகளில் பிராட்வுட் ஹோட்டலின் நடனக் கூடத்தில் ஆட்டம் நடக்கும். முடிந்ததும் அதே தரையில் நடனம். கில் ஃபிட்ச் என்ற ஆட்டக்காரர் வியர்வை காய்வதற்குள் ஜெர்சியைக் கழற்றிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு, இசைக்குழுவை நடத்த மேடையேறிவிடுவார். ஒரு டிக்கெட்டில் இரண்டையும் பார்த்துவிட்டு ஜனங்கள் வீடு திரும்பினார்கள்.

1946-ல், பின்னாளில் என்.பி.ஏ.வாக மாறிய லீக் தொடங்கியபோது காட்லீப் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் கோச் ஆனார். முதல் பருவத்தின் சாம்பியன் பட்டமே அந்த அணிக்குத்தான். அதன் நட்சத்திரம் ஜோ ஃபல்க்ஸ், குதித்து எறிவதில் கெட்டிக்காரர். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 23.2 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடத்தில் இருந்தார். ஆனால் அவர் எறிந்த பந்துகளில் கூடைக்குள் போனவை நூற்றுக்கு 30.5 மட்டுமே. இன்றைய கோச் யாராவது அந்தக் கணக்கைப் பார்த்தால் அவரைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிடுவார். அன்று அதுவே லீகின் சராசரியைவிட மேல். பத்துக்கு ஏழு பந்து வளையத்தில் பட்டுத் துள்ளிய காலம் அது. துள்ளிய பந்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் பாதி ஆட்டம் இருந்தது.

ஃபல்க்ஸுக்குப் பின் வந்த பால் அரிஸின் உள்ளூர்ப் பையன். பள்ளி அணியில் இடம் கிடைக்காதவர். ஊரில் இருந்த சின்னச் சின்ன லீகுகளில், நடனத்துக்காக மெழுகு பூசிய தரைகளில் ஆடிப் பழகினார். காலை ஊன்றித் திரும்பினால் சறுக்கும் என்பதால், நேராகக் குதித்துக் காற்றில் நின்றபடியே எறியக் கற்றுக்கொண்டார். வில்லனோவா கல்லூரி அவரைக் கண்டெடுத்தது. 1951-52-ல் என்.பி.ஏ.வில் புள்ளியிலும் முதலிடம், பந்து விழும் விகிதத்திலும் முதலிடம், 100-க்கு 44.8. ஆஸ்துமாக்காரர் போல மூச்சு இரைக்க இரைக்க ஆடிய அவரோடு வாரியர்ஸ் 1956-ல் இன்னொரு முறை பட்டம் வென்றது. ஜம்ப் ஷாட் பிறந்த ஊர் என்று பல ஊர்கள் உரிமை கொண்டாடலாம். அதை வளர்த்து ஆளாக்கிய ஊர்களில் பிலடெல்பியாவுக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

பிறகு வாரியர்ஸுக்குச் சேம்பர்லின் வந்தார். மேற்கு பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பள்ளியில் படித்தவர், ஏழடிக்கு மேல் உயரம். 1960 நவம்பர் 24 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட் எடுத்தார். எதிரே நின்றவர் பாஸ்டனின் பெரும் ரீபவுண்டரான பில் ரஸல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். அந்த எண்ணை இதுவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் அன்று ஜெயித்தது பாஸ்டன். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சிற்றூரில் நியூயார்க் அணிக்கு எதிராக 100 புள்ளி எடுத்தார். ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகத் தரப்படும், யாரும் தடுக்காத எறிதலில்) எப்போதும் திணறுபவர், அன்று இரண்டு கையாலும் பந்தைத் தாழப் பிடித்து, தொடைக்கு நடுவிலிருந்து மேலே தூக்கி எறிந்தார். 32-ல் 28 விழுந்தன. அந்த முறையை அவர் பின்னாளில் கைவிட்டதுதான் வருத்தம்.

அதே 1962-ல் காட்லீப் அணியை விற்க, வாரியர்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது. ஒரு பருவம் முழுக்க பிலடெல்பியாவில் என்.பி.ஏ. இல்லை. 1963-ல் அந்த வெற்றிடத்துக்கு வந்தது சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணி. அதன் பழைய உரிமையாளர் டேனி பியஸோன், ஆட்டத்துக்கு உயிர் கொடுத்த 24 விநாடி கடிகாரத்தைக் கொண்டுவந்தவர். அதற்கு முன், முன்னிலை பெற்ற அணி பந்தை வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடும் வழக்கம் இருந்தது. 1950-ல் ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது. ஓர் அணி 24 விநாடிக்குள் எறிந்தே ஆகவேண்டும் என்ற விதி 1954-ல் வந்தபின் அந்த வழக்கம் ஒழிந்தது. பிலடெல்பியா வந்த நேஷனல்ஸ், அமெரிக்க விடுதலைப் பிரகடனம் அந்த ஊரில் கையெழுத்தான 1776-ஐ நினைவில் வைத்து, செவன்ட்டி சிக்ஸர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1965 ஜனவரியில் சேம்பர்லினும் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

1966-67 பருவத்தின் சிக்ஸர்ஸை நேரில் பார்த்தவர்களிடம் கேட்டால், அதுவரை வந்த அணிகளிலேயே சிறந்தது அதுதான் என்று தயங்காமல் சொல்வார்கள். 68 வெற்றி, 13 தோல்வி. அலெக்ஸ் ஹன்னம் கோச். புள்ளிகளைக் குவிப்பதைக் குறைத்துக்கொண்டு பந்தைப் பங்கிடும்படி சேம்பர்லினிடம் அவர் கேட்டார். சேம்பர்லின் ஒப்புக்கொண்டார்: ஆட்டத்துக்கு 24 புள்ளி, 24 ரீபவுண்ட், அதற்கு மேல் 8-ஐ நெருங்கும் அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்). ஹால் கிரீர், செட் வாக்கர், லூக் ஜாக்சன், வாலி ஜோன்ஸ் ஆகியோர் உடன் இறங்க, பெஞ்சிலிருந்து எழுந்து வருபவர் பில்லி கன்னிங்ஹாம். தொடர்ந்து எட்டு ஆண்டு பட்டம் வென்றிருந்த பாஸ்டனை 4-1 என்று வீழ்த்தி, இறுதியில் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸையும் வென்றார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரையே விட்டுப்போன அணி அது.

அந்த அணியின் பலத்தைப் புரிந்துகொள்ள ரீபவுண்ட் எப்படி எடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உயரமும் குதிப்பும் இருந்தால் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பந்து எறிபவரின் கையைவிட்டுக் கிளம்பியதும் நம் கண் தானாகப் பந்தின் பின்னாலேயே போகும். நல்ல ரீபவுண்டர் அந்த நொடியில் பந்தைப் பார்ப்பதில்லை, ஆளைத் தேடுவார். தன் எதிராளியைக் கண்டதும் அவருக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, பின்பக்கத்தால் அவரை அழுத்தி வளையத்துக்கு அப்பால் நிறுத்துவார். இதற்கு ‘பாக்ஸ் அவுட்’ என்று பெயர். வலது ஓரத்திலிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் இடது பக்கம் துள்ளும் என்பதும் அவர் கணக்கில் இருக்கும். குதிப்பது கடைசி வேலை. ஜாக்சன் போன்ற கட்டுமஸ்தான ஆள் ஒருபுறம் ஆட்களை அடைத்து நிற்க, சேம்பர்லின் மறுபுறம் கையை உயர்த்தினால் பந்து எங்கே போகும்? சில ஆட்டங்களில் ஜாக்சன் தன் பெயரில் அதிக ரீபவுண்ட் விழாமலேயே மற்றவருக்காக உழைத்திருப்பார். அந்த உழைப்பை எழுதிவைக்கும் கட்டம் புள்ளிவிவரத் தாளில் கிடையாது.

ரீபவுண்டும் ஷாட்டும் வேறு வேறு விஷயங்களும் அல்ல. பந்து தவறினால் நம் ஆள் திரும்பப் பிடிப்பார் என்ற தைரியம் இருந்தால் கையில் பதற்றம் இருக்காது. பிடிக்க ஆளில்லை என்று தெரிந்தால், எறிபவர் ஒவ்வொரு பந்தையும் கடைசிப் பந்தாக எண்ணி எறிவார். தவறிய பந்து எதிரணி கைக்குப் போய், அவர்கள் ஓடிவந்து எளிதாகப் புள்ளி எடுக்க, பின்னால் துரத்தி ஓடியே நம் ஆட்களின் கால் சோரும். வெளியிலிருந்து பார்க்கும்போது அது சோம்பலாகத்தான் தெரியும்.

கலைப்பு 1968-ல் தொடங்கியது. அந்த ஆண்டு பாஸ்டனுடனான தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்ற சிக்ஸர்ஸ், அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. ஹன்னம் போட்டி லீகான ஏ.பி.ஏ.வுக்குப் போனார். அணியின் பங்குதாரராக இருந்து 1965-ல் பாஸ்டனில் ஆட்டத்தின் நடுவிலேயே உயிர்விட்ட ஐக் ரிச்மன் தனக்கு அணியில் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார் என்பது சேம்பர்லினின் வாதம். இன்னொரு பங்குதாரரான இர்வ் காஸ்லாஃப் அதை ஏற்கவில்லை. கோபம் முற்றி, அந்த ஜூலையில் சேம்பர்லின் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு வந்தவர்கள் ஆர்ச்சி கிளார்க், டேரல் இம்ஹாஃப், ஜெர்ரி சேம்பர்ஸ். கிளார்க் நல்ல ஆட்டக்காரர். ஆனால் மூவரையும் சேர்த்தாலும் சேம்பர்லின் விட்டுப்போன இடம் நிரம்பவில்லை.

அப்போது அணியின் பொது மேலாளராக இருந்த ஜாக் ராம்சே, கோச் பொறுப்பையும் ஏற்றார். செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் பெயர் வாங்கியவர், கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மைதானம் முழுக்க எதிரணியை விரட்டிப் பிடிக்கும் ஆட்டத்தில் நம்பிக்கை கொண்டவர். சேம்பர்லின் இல்லாத முதல் பருவத்திலும் 55 வெற்றி எடுத்துக் காட்டினார். ஆனால் அந்தப் பருவத்திலேயே ஜாக்சனின் குதிகால் தசைநாண் அறுந்தது. பழைய ஜாக்சன் திரும்பி வரவேயில்லை. 1969-ல் செட் வாக்கரை சிகாகோவுக்குக் கொடுத்து ஜிம் வாஷிங்டனை வாங்கினார்கள். ராம்சே மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், இது பெரிய பிழை என்று சொல்லாமல் இருக்க முடியாது. வாக்கர் அதன்பின் ஆறு ஆண்டு சிகாகோவைத் தூக்கி நிறுத்தினார்.

இளைஞர்களைச் சேர்ப்பதிலும் கோட்டை விட்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் ஆண்டு டிராஃப்டில் 1970-ல் சிக்ஸர்ஸ் 12-ஆவது இடத்தில் ஆல் ஹென்றியை எடுத்தது. அதே டிராஃப்டில் 18-ஆவதாகக் கால்வின் மர்ஃபியும் 19-ஆவதாக நேட் ஆர்ச்சிபால்டும் வேறு அணிகளுக்குப் போனார்கள். இருவரும் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள். ஹென்றி நிலைக்கவில்லை. 1971-ல் முதல் சுற்றில் எடுத்த டேனா லூயிஸ் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

வெற்றி எண்ணிக்கை 55, 42, 47, 30 என்று இறங்கியது. 1971-ல் ஆர்ச்சி கிளார்க்கும் பால்டிமோருக்குப் போக, பதிலாக கெவின் லாக்ரியும் ஃப்ரெட் கார்ட்டரும் வந்தார்கள். 1972 கோடையில் கடைசி இரண்டு தூண்களும் சாய்ந்தன. ராம்சே பஃபலோ அணிக்குப் போனார். கன்னிங்ஹாம், 1969-லேயே ஏ.பி.ஏ.வின் கரோலைனா கூகர்ஸ் அணியுடன் ஒப்பந்தம் போட்டு, பிறகு மனம் மாறி, வழக்கு வரை போய், கடைசியில் வேறு வழியின்றி அங்கேயே போனார். ரீபவுண்டில் எஞ்சியிருந்த ஒரே வலுவான ஆள் பில் பிரிட்ஜஸ். 1972-73 பருவம் தொடங்கிச் சில வாரங்களிலேயே அவரையும் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆக அந்தக் குளிர்காலத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள்? சேம்பர்லின் லீகின் முதல் ரீபவுண்டராக, பக்கத்திலேயே பிரிட்ஜஸுடன், லேக்கர்ஸை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். கன்னிங்ஹாம் ஏ.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். வாக்கர் சிகாகோ சார்பில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடினார். பிலடெல்பியாவின் டிவிஷனிலேயே இருந்த பாஸ்டன் அந்தப் பருவத்தில் 68 ஆட்டங்களை ஜெயித்தது. ஆறு ஆண்டுக்கு முன் பிலடெல்பியா எடுத்த அதே 68.

கோச்சாக வந்தவர் ராய் ரூபின். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பதினோரு ஆண்டு பயிற்சி தந்து நல்ல பெயர் எடுத்தவர். தொழில்முறை அணியில் வேலை செய்ததே இல்லை. இருபது வயது மாணவர்களை நடத்திப் பழகியவரிடம், சிலர் பத்தாண்டுக்கு மேல் ஆடித் தேர்ந்த, அணிக்கு அணி மாற்றப்பட்டுக் கசந்துபோன ஆட்களை ஒப்படைத்தார்கள். பிரிட்ஜஸுக்குப் பதிலாக லேக்கர்ஸிலிருந்து வந்த லீராய் எல்லிஸும் ஜான் டிராப்பும் அதற்கு முந்தைய பருவத்தில் தொடர்ந்து 33 ஆட்டங்களை ஜெயித்து, 69-13 என்று முடித்த அணியில் இருந்தவர்கள். லீகின் அன்றைய மிகச் சிறந்த கணக்கையும் மிக மோசமான கணக்கையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அனுபவித்தவர்கள் அந்த இருவர்தான். எல்லிஸ் உயரம்தான், ஆனால் மெலிந்த உடல். சேம்பர்லினும் ஜாக்சனும் நின்ற இடத்தில் அவர் ஏறக்குறையத் தனியாக நின்றார்.

தொடக்கமே 15 தோல்வி. முதல் வெற்றி ஹூஸ்டனுக்கு எதிராக. பிறகு மீண்டும் தோல்விகள். ஜனவரியில் ஆல்-ஸ்டார் இடைவேளை வந்தபோது கணக்கு 4 வெற்றி, 47 தோல்வி. ரூபினை நீக்கினார்கள். அவர் அதன்பின் எந்த அணிக்கும் பயிற்சி தரவில்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் தொழில் 51 ஆட்டங்களில் முடிந்துபோனது. அவர் தவறுகள் செய்யவில்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு வேறு எவரும் பெரிதாக என்ன சாதித்திருக்க முடியும் என்ற கேள்வியை அன்று நிர்வாகம் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டும்.

மனதைப் பிசைவது ஹால் கிரீரின் நிலைமை. 1958-ல் சிரக்யூஸில் சேர்ந்து, அணியோடு பிலடெல்பியாவுக்கு வந்து, ஒரே அணிக்குப் பதினைந்து பருவம் ஆடியவர். வாழ்நாள் கணக்கில் 21,586 புள்ளி. அவருடைய ஜம்ப் ஷாட் அவ்வளவு நம்பகமானது என்பதால் ஃப்ரீ த்ரோவையும் அப்படியே எறிவார். கோட்டுக்குப் பின்னால் நின்று, யாரும் தடுக்காத இடத்திலும் குதித்து, உச்சியில் கையை விடுவிப்பார். உலகமே நின்று எறியும் ஷாட்டை அவர் மட்டும் குதித்து எறிந்தார். நூற்றுக்கு எண்பது விழுந்தது. அந்த மனிதர் கடைசிப் பருவத்தில் 38 ஆட்டங்களில் மட்டுமே இறங்கினார். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து, தான் கட்டிய அணி தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டு உழைத்தவருக்கு இப்படி ஒரு வழியனுப்பு நடந்திருக்கக் கூடாது.

இனி, உழைப்பு பற்றிய மூன்றாவது குற்றச்சாட்டு.

ரூபினுக்குப் பிறகு அணியின் ஆட்டக்காரராகவே இருந்த லாக்ரி கோச் பொறுப்பை ஏற்றார். அவர் பொறுப்பேற்ற பின் முதல் 11 ஆட்டங்களும் தோல்வி. முந்தைய தோல்விகளோடு சேர்த்து வரிசையாக 20. நான்கு மாதம் தோற்றுத் தோற்று, கேலியைக் கேட்டுக் கேட்டு இருந்த அணி அத்தோடு சுருண்டு படுத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிப்ரவரி நடுவில் தொடங்கிய அடுத்த ஏழு ஆட்டங்களில் அவர்கள் ஐந்தை ஜெயித்தார்கள். 62 ஆட்டங்களில் 4 ஜெயித்த அதே ஆட்கள்தான் ஏழில் 5 ஜெயித்தார்கள். உழைக்க மனமில்லாதவர்களால் அது முடியாது. அதன்பின் கடைசி 13 ஆட்டங்களும் கைநழுவின. இருந்த சக்தியெல்லாம் அந்தச் சில நாட்களில் செலவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

ஃப்ரெட் கார்ட்டரையும் பார்க்க வேண்டும். பிலடெல்பியாவில் பிறந்து, அங்கேயே பள்ளி முடித்தவர். சொந்த ஊரின் அணியில், சொந்த ஊர் ஜனங்களின் முன்னால், இரவுக்கு இரவு தோற்றுக்கொண்டே ஆட்டத்துக்குச் சராசரி 20 புள்ளி எடுத்தார். பருவ முடிவில் அணியின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது, எதற்காக இந்த விருது என்று அவரே கேட்டுக்கொண்டாராம். அவர் அங்கிருந்து ஓடவில்லை. 1976 வரை அதே அணிக்கு ஆடினார்.

அந்தப் பருவத்தின் உழைப்பை அளந்து சொல்ல இன்று நம்மிடம் கருவியும் இல்லை. தன் அணி தவறவிட்ட பந்தை எடுப்பது, எதிரணி தவறவிட்டதை எடுப்பது என்று ரீபவுண்டை இரண்டாகப் பிரித்துக் குறித்துவைக்கும் வழக்கம் என்.பி.ஏ.வில் 1973-74-ல்தான் தொடங்கியது. பந்தைப் பறிப்பதையும் ஷாட்டைத் தடுப்பதையும் அந்தப் பருவத்திலிருந்துதான் எண்ணினார்கள். விழுந்து புரண்டு பந்தைப் பிடித்தது, எதிராளியைத் துரத்திப் போய்த் தட்டிவிட்டது, பாக்ஸ் அவுட் செய்து இன்னொருவருக்குப் பந்தை விட்டுக்கொடுத்தது எதுவும் 1972-73-ன் பதிவேட்டில் இல்லை. மிஞ்சியிருப்பது தோல்விகளின் எண்ணிக்கைதான். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சோம்பேறிகள் என்று முத்திரை குத்துவது பாவம்.

ஊர் ஜனங்களையும் குறை சொல்லத் தோன்றவில்லை. 1967-ல் திறந்த ஸ்பெக்ட்ரம் அரங்கில் வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆட்டம் தெரிந்த ஊர் அது. டெம்பிள், லா சால், பென், செயின்ட் ஜோசப்ஸ், வில்லனோவா என்ற ஐந்து கல்லூரிகளும் மோதும் ‘பிக் ஃபைவ்’ ஆட்டங்களை 1927-ல் கட்டிய பலெஸ்ட்ரா அரங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு, அதே ஸ்பெக்ட்ரத்தைப் பகிர்ந்துகொண்ட ஃப்ளையர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. 1974-லும் 1975-லும் அது ஸ்டான்லி கோப்பையை வென்றது.

மீட்சி மெல்லத்தான் வந்தது. 1973 டிராஃப்டின் முதல் தேர்வாக டக் காலின்ஸ் கிடைத்தார். ஜீன் ஷூ கோச் ஆனார். 25 வெற்றி, பிறகு 34. கன்னிங்ஹாம் 1974-ல் திரும்பி வந்தார். 1976-ல் அணியை வாங்கிய யூஜீன் டிக்சன், 30 லட்சம் டாலர் கொடுத்து நெட்ஸ் அணியிடமிருந்து ஜூலியஸ் எர்விங்கை வாங்கினார். லாக்ரியின் கதை இதோடு சேர்ந்தது. பிலடெல்பியாவில் 31 ஆட்டங்களில் 5 ஜெயித்த அவர், மறு ஆண்டே எர்விங்கை வைத்து நெட்ஸுக்கு ஏ.பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தார், 1976-ல் இன்னொன்று. கோச்சின் திறமை ஓர் ஆண்டில் தலைகீழாக மாறுவதில்லை. கையில் யார் இருந்தார்கள் என்பதுதான் மாறியது. 1977 இறுதிப் போட்டியில் எர்விங்கின் சிக்ஸர்ஸ் 2-0 என்று முன்னிலை பெற்று, அடுத்த நான்கிலும் போர்ட்லண்டிடம் தோற்றது. போர்ட்லண்டின் கோச் ஜாக் ராம்சே.

பட்டம் திரும்பி வர 1983 ஆயிற்று. கோச் பில்லி கன்னிங்ஹாம். உள்ளே மோசஸ் மலோன், ஆட்டத்துக்கு 15.3 ரீபவுண்டுடன் லீகிலேயே முதல். பத்து ஆண்டுக்கு முன் எந்த இடம் வெறிச்சோடிக் கிடந்ததோ அந்த இடத்தில் நின்று, நான்கு பேர் சூழ்ந்தாலும் தோளால் இடம் பிடித்துத் துள்ளிய பந்தையெல்லாம் வாரி எடுத்தார். பிளே-ஆஃபில் 13 ஆட்டங்களில் தோற்றது ஒன்றுதான்.

9-73 என்ற சாதனைக்கு ஆபத்து வந்ததும் பிலடெல்பியாவிலேயேதான். 2013-ல் பொது மேலாளராக வந்த சாம் ஹிங்கி, நல்ல டிராஃப்ட் இடங்கள் கிடைக்க வேண்டும் என்று அணியை வேண்டுமென்றே ஒல்லியாக வைத்திருந்தார். மூன்று பருவங்களில் 47 வெற்றி, 199 தோல்வி. 2015-16-ல் 10-72. பத்தாவது வெற்றி ஏப்ரலில்தான் வந்தது. அதே மாதம் ஹிங்கி பதவி விலகினார். இந்த இரண்டு அணிகளையும் ஒரே தராசில் வைப்பவர்கள் உண்டு. வைக்கக் கூடாது. 2016-ல் தோற்பது நிர்வாகத்தின் திட்டம். ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. 1973-ல் அப்படி யாரும் திட்டம் போடவில்லை. கார்ட்டரும் எல்லிஸும் கிரீரும் களமிறங்கிய ஒவ்வோர் இரவும் ஜெயிக்கத்தான் ஆடினார்கள்.